புதன்கிழமை ஒன்றிலிருந்து ஐந்து வரை

1

இந்தக் கதை ஒரு அரசாங்கப் படிவத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றவர்களுக்குக் கதை கனவிலிருந்து கிடைக்கிறது, அல்லது பயணத்தில் எதிரே இருந்த ஒரு முகத்திலிருந்து. எனக்குக் கிடைத்தது நீல மட்டை போட்ட ஒரு கோப்பிலிருந்து. படிவத்தில் நாங்கள் நிரப்பவேண்டிய ஏழாம் கூடு இப்படிக் கேட்கிறது: "பிள்ளை நிலையத்தில் சேர்ந்த பின்னர் பெற்றோர் இருவரதும் வேலை நேரத்தில் ஏற்பட்ட மாற்றம் (மணித்தியாலங்களில்)."

நான் ஒரு பகல்நேரச் சிறுவர் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்கிறேன். ஊரில் அதை டேகெயார் என்பார்கள், என்னை ரீச்சர் என்பார்கள். அரசாங்கச் செலவில் நடப்பது. காலை ஆறரைக்குத் திறந்து மாலை ஐந்தரைக்குப் பூட்டுவோம். இருபத்திரண்டு பிள்ளைகள், நான், சமையலுக்கும் துடைப்பதற்கும் சின்னத்தங்கம் அக்கா. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் திகதி இருபத்திரண்டு படிவங்களையும் நான் கொடுத்துவிட வேண்டும். பிள்ளைகளைப் பார்க்க ஓர் இடம் இருந்தால் தாய் தகப்பன் கூடுதலாக வேலை செய்கிறார்களா என்று அறிய அரசாங்கத்துக்கு ஆசை. நியாயமான ஆசைதான்.

இருபத்தொரு படிவங்களை நிரப்பிவிட்டேன். கடைசிப் படிவத்தில் ஏழாம் கூடு காலி. இன்று நாலாம் திகதி, புதன்கிழமை. அந்தக் கூட்டில் என்ன எழுதுவதென்று தெரியாததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "அந்த ஆண்டு பனி முன்னதாகவே விழுந்தது. ரயில் மேடையில் ஒரு பெண் தன் கையுறையைக் கழற்றி—"

நிறுத்திவிட்டேன். பட்டணத்தில் புளியந்தீவு நூலகத்துக்குப் போகும்போதெல்லாம் மொழிபெயர்ப்பு நாவல்களை இரவல் வாங்கி வருகிறேன். அவற்றில் எப்போதும் யாராவது ஒரு மேடையில் நின்று யாரையாவது வழியனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் வாசிப்பேன். நிமிர்ந்தால் யன்னலுக்கு வெளியே வெயிலில் துறை தெரியும். பனியிலிருந்து வந்த கண்ணுக்கு அந்த வெயில் தாங்காது. எனக்கும் வழியனுப்ப ஓர் ஆள் வேண்டும்போல் இருக்கும். ஆள் இல்லாததால் அடுத்த அத்தியாயத்துக்குப் போவேன்.

இரண்டாம் தொடக்கம்: "மட்டக்களப்பு வாவிக்கு இரண்டு கரைகள். சூரியன் எழுகிற பக்கம் எழுவான்கரை, படுகிற பக்கம் படுவான்கரை. எங்கள் ஊர் படுவான்கரையில், பழுகாமத்தைத் தாண்டி…" [ஊரின் பெயர் இங்கே இருந்தது. வெட்டிவிட்டேன். ஏன் என்று பிறகு தெரியும்.] இதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் பரீட்சைக்குப் படிப்பதுபோல் இருக்கிறது.

மூன்றாவது: "தக்ஷாயினியும் உதயரூபனும் இரண்டு வருடங்களாக ஒரு நாளைக்கு இருபது நிமிடம் மட்டும் கணவன் மனைவியாக இருந்தார்கள்."

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

உதயரூபன் வாவியில் நண்டு பிடிக்கிறவன். பின்னேரம் தோணியில் போய் வலை வைப்பான். வலையைக் களவெடுப்பவர்கள் இருப்பதால் இரவு தோணியிலேயே கிடந்து, விடிந்ததும் இழுத்துக்கொண்டு கரைக்கு வருவான். அவன் மனைவி தக்ஷாயினி எதிர்க்கரையில் ஒரு நண்டுக் கம்பனியில் வேலை செய்கிறாள். உயிர் நண்டுகளை அளவு பிரித்து, கொடுக்கின் கட்டு இறுக்கமா என்று பார்த்து, பெட்டியில் அடுக்கி ஈரச் சாக்கால் மூடுவது அவள் வேலை. காலை ஏழு மணிப் பாதையில் போவாள். (பாதை என்று நாங்கள் சொல்வது வாவியைக் கடக்கும் இயந்திர மிதவையை. ஆட்கள், மோட்டார் சைக்கிள்கள், சில நாட்களில் ஓர் உழவு இயந்திரமும் அதில் ஏறும்.)

அவர்களுக்கு நிலுக்ஷி என்று ஒரு மகள். இப்போது மூன்று வயது. டேகெயார் வருவதற்கு முன்பு அந்தப் பிள்ளையைத் துறையில்தான் கைமாற்றினார்கள். காலை ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்க அவன் தோணி கரைதட்டும். அவள் பிள்ளையுடன் நிற்பாள். பத்து நிமிடம். பாதை அவளை ஏற்றிக்கொண்டு போய்விடும். மாலை நாலேகாலுக்கு அவள் வந்திறங்குவாள், அவன் தோணியுடன் நிற்பான். இன்னொரு பத்து நிமிடம். ஒரு கை அப்பாவிடம், ஒரு கை அம்மாவிடம் என்று பிள்ளை நடுவில் தொங்கிக்கொண்டு கால்களைத் தூக்கும். எஞ்சின் சத்தம் கேட்டதும் ஒரு கை விடுபடும்.

பகலில் அவன் எப்போது தூங்கினான்? பிள்ளையின் கணுக்காலுக்கும் தன் மணிக்கட்டுக்கும் ஒரு துணிக்கீற்றைக் கட்டிவிட்டுத் தூங்கினான். பிள்ளை எழும்பி நடந்தால் கை இழுபடும்.*

பிறகு எங்கள் நிலையம் திறந்தது. தக்ஷாயினி காலையில் பிள்ளையை எங்களிடம் விட்டுவிட்டுப் பாதைக்குப் போகிறாள். பிள்ளையை வாங்க அவன் துறைக்கு ஓடிவரத் தேவையில்லை. எட்டரைவரை வாவியில் இருக்கலாம். வந்து நிம்மதியாகத் தூங்கலாம். அவள் வரும்வரை காத்திராமல் மூன்றரைக்கே திரும்பிப் போய்த் தூரத்தில் வலை வைக்கலாம். அவளும் அவசரப்படாமல் ஒரு மணித்தியாலம் கூட நின்று வேலை செய்துவிட்டு ஐந்தேகாலுக்கு வரலாம். முதல் மாதப் படிவத்தில் நான் பெருமையோடு எழுதினேன்: தாய் +1, தகப்பன் +2½. எங்கள் நிலையத்தின் மிக நல்ல பெறுபேறு அது.

அந்த இருபது நிமிடம் போனதை எழுத எந்தக் கூடும் இருக்கவில்லை.

* எங்கள் பக்கத்து வாசகர் கேட்பார்: பெண்ணுக்குத்தானே வீடு, அக்கா தங்கைமார் எல்லாம் ஒரே வளவில்தானே, பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லையா என்று. அந்த வளவில் மூன்று வீடுகள். ஒரு அக்கா கட்டாரில், மற்றவள் கொழும்பில் தையல் வேலையில். இரண்டு வீடும் பூட்டு. தாய் உயிரோடு இல்லை. ஞாயிற்றுக்கிழமையாவது இருக்குமே என்றும் கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஒரு கிழமை உடுப்பு, அவனுக்கு வலை பொத்துவது, இருவர் மேலும் ஏறி விளையாட ஒரு பிள்ளை.

4

ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் எழுத்துப்படியில் தக்ஷாயினியை நான் நல்லவளாக எழுதவில்லை.

எல்லாப் பிள்ளைகளும் நாலரைக்குப் போய்விடுவார்கள். நிலுக்ஷி மட்டும் கேற்றடியில் நிற்பாள். சின்னத்தங்கம் அக்கா வாசலைக் கூட்டியபடி சொல்வார்:

"எல்லார்ட தாயும் வந்திட்டு. இவட தாயத்தான் காணல்ல. நண்டு புடிச்சு வெச்சிட்டோ தெரியா."

"பாதை வரவேணுமே அக்கா."

"பாதை வரும் புள்ள. மனம் வரவேணுமே."

அதைக் கேட்டுவிட்டு நான் எழுதினேன்: "பிள்ளையைவிட வேலையை நேசித்த ஒரு பெண் இருந்தாள். அவள் கண்கள்—" [வெட்டினேன். அவள் கண்களை அதுவரை நான் ஒழுங்காகப் பார்த்ததே இல்லை.]

எனக்கு மூன்றரை வயதாக இருக்கும்போது அம்மா குவைத்துக்குப் போனார். [இங்கே ஒரு பந்தி இருந்தது. இது அவருடைய கதை அல்ல.] ஐந்து மணிக்கு வராத தாய்மார் மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. அதைத் தக்ஷாயினியின் முகத்தில் பூசி அவளைப் பாத்திரமாக்கப் பார்த்தேன். ஓர் எழுத்தாளர் செய்யக்கூடாதது இது. ஆனால் எல்லோரும் செய்வது என்று நினைக்கிறேன்.

ஒரு மாலை மழை பிடித்துக்கொண்டது. அவளால் பிள்ளையோடு கிளம்ப முடியவில்லை. வாசலில் இருந்துகொண்டு, கையை முகர்ந்து பார்த்துவிட்டுச் சேலைத்தலைப்பில் துடைத்தாள்.

"மணக்குதா ரீச்சர்? தேசிக்காய் போட்டுத் தேய்ச்சாலும் போகாது."

"இல்ல அக்கா. படிவம் எழுதணும், ஒண்டு கேக்கட்டா? வேலை நேரம் கூடினதில உங்களுக்கு…"

"கூடியிரிக்கி. நல்லா எழுதுங்க." சாரல் படாமல் பிள்ளையை உள்ளே இழுத்தாள். "ஆளத்தான் காணக் கிடைக்கல்ல."

"ஆர?"

"ஆரயா? இவட அப்பாவ." சிரித்தாள். "ஒரு வீட்டுக்கதவ ரெண்டு பேரும் துறக்கிறம், பூட்டுறம். அவர் குடிச்ச கோப்பையக் கழுவுறன். நான் மடிச்ச சாரத்த அவர் உடுக்கார். ஆவி குடியிரிக்கிற வீடு மாதிரி."

பிறகு பச்சைத் துணி விசயத்தைச் சொன்னாள். நண்டுக் கொடுக்கைக் கட்ட மற்றவர்கள் நைலோன் நூலைப் பாவிப்பார்கள். டேகெயார் திறந்து இரண்டாம் கிழமை, துறைகளில் நண்டு வாங்கும் கம்பனி லொறி வந்து பெட்டியைத் திறந்தால், ஒரு நண்டின் கொடுக்கில் பச்சைத் துணி.

"பாத்தா என்ட பழைய நைட்டி! கிழிச்சிக் கட்டியிரிக்கார். எனக்குச் சிரிப்பு அடக்க ஏலாமப் போயிட்டு. சூப்பவைசர் நிஸ்தார் வந்து கேக்காரு, என்ன, நண்டு பகிடி விட்டதா எண்டு."

"அதுக்குப் பிறகு?"

"ஒவ்வொரு நாளும் வரும். பதினெட்டு, இருவது. நிறைய வந்தா ஆள் தெம்பா இரிக்கார். அஞ்சாறு வந்தா உடம்புக்கு ஏலாது. கட்டு தளந்திருந்தா நித்திரை தூங்கித் தூங்கிக் கட்டியிரிக்கார்." பிள்ளையின் தலையில் துண்டைப் போட்டாள். "மழை விட்டிட்டு. வாறன் ரீச்சர்."

உலகத்தின் எத்தனையோ காதல் கடிதங்களை நான் மொழிபெயர்ப்பில் வாசித்திருக்கிறேன். அன்றிரவு அவற்றில் ஒன்றையும் ஞாபகப்படுத்த முடியவில்லை.

5

இனி, போன மாதம் வந்த அந்தப் புதன்கிழமை. கம்பனிக்குள் நடந்ததை நான் பார்க்கவில்லை. பிறகு கேட்டதைக் கொண்டு எழுதுகிறேன், இடைவெளிகள் என்னுடையவை.

முதல் லொறி ஒன்பது மணிக்கு வந்தது. பச்சை இல்லை. இரண்டாவது பதினொரு மணிக்கு வந்தது. தக்ஷாயினி பெட்டிகளை அடிவரை கிளறினாள். நைலோன், நைலோன், நைலோன். முந்தின இரவு வாவியில் காற்று பலமாக இருந்தது என்று லொறிக்காரன் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னான்.

(போன் இல்லையா என்று கேட்பீர்கள். உதயரூபனின் போன் அதற்கு முந்தின கிழமை தோணியிலிருந்து தண்ணீருக்குள் விழுந்துவிட்டது. கதையின் வசதிக்காக நான் அதைத் தள்ளிவிடவில்லை. என்னிடம் விட்டால் நான் அதை மிதக்க வைத்திருப்பேன்.)

சாப்பாட்டு இடைவேளையில் அவள் எனக்கு எடுத்தாள். மூன்று தரம். என் போன் சத்தமில்லாமல் பையின் அடியில் கிடந்தது. பிள்ளைகள் தூங்கினார்கள். நான் வாசித்துக்கொண்டிருந்தேன். நாவலில் ஒரு பெண், கப்பல் மூழ்கிய செய்தி உண்மையா என்று துறைமுக அலுவலகத்தில் விசாரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்காக என் கண்கள் கலங்கின. மூன்று தவறிய அழைப்புகள். இதை எழுதாமல் விடலாம் என்று இரண்டு நாள் நினைத்தேன்.

அவள் யாரிடமும் சொல்லாமல், கம்பனியின் தலையுறையோடு, பன்னிரண்டேமுக்காலுக்கு அங்கிருந்து புறப்படும் ஒரு மணிப் பாதையில் ஏறிவிட்டாள்.

அன்றுதான் அலுவலகத்திலிருந்து ஹமீட் சேர் படிவங்களைப் பரிசோதிக்க வந்திருந்தார். ஏறாவூர்க்காரர், நல்ல மனிதர். உதயரூபன் பகலில் வீட்டில் இருக்கிறானே, பிள்ளை ஏன் இங்கே என்று முதல் மாதம் கேள்வி வந்தபோது, "ராவு வேலைக்காரனுக்குப் பகல் நித்திரையும் வேலைதான், அப்பிடியே எழுதுங்க" என்று சொன்னவர் அவர்தான். சின்னத்தங்கம் அக்கா கொடுத்த தேநீரை ஊதிக்கொண்டிருந்தார். தக்ஷாயினி ஓடிவந்தாள்.

"ரீச்சர், ஆராவது வந்து சொன்னவங்களா?"

"என்னத்த அக்கா?"

"பச்சை வரல்ல. ரெண்டு லொறியும் வந்திட்டு. ஒரு பச்சை இல்ல." தூங்கிக்கொண்டிருந்த நிலுக்ஷியை வாரித் தூக்கினாள். "ராவு காத்தாம். துறையில அவர்ட தோணியையும் காணல்ல."

"என்ன பச்சை?" என்றார் ஹமீட் சேர். "ஒள்ளம் இரிங்க தங்கச்சி. தண்ணி குடிங்க."

அவள் இருக்கவில்லை. கேற்றைத் தாண்டவும் முடியவில்லை, ஏனென்றால் கேற்றில் உதயரூபன் நின்றான். வெறும் மேல், மடித்துக் கட்டிய சாரம், கையில் அகப்பை. அகப்பையிலிருந்து கறி சொட்டிக்கொண்டிருந்தது.

"புள்ள! என்ன நடந்த? நீ அழுதிட்டு ஓடுறா எண்டு பாதைக்காரன் வந்து சொல்றான்!"

அவள் அவனை மேலிருந்து கீழே பார்த்தாள். அகப்பையைப் பார்த்தாள்.

"நண்டு ஏன் குடுக்கல்ல நீங்க?"

"குடுத்தா உன்ன விடமாட்டாங்களே. நண்டு குறைஞ்ச நாளில அரை நாளோட அனுப்புறாங்க எண்டு நீதானே சொன்ன."

"அதுக்கு?"

"அதுக்குத்தான். தோணியப் பத்தைக்குள்ள மறைச்சிட்டு, சாக்கில போட்டு வீட்ட கொண்டு வந்திட்டன். நீ ஒரு மணிப் பாதையில வருவா எண்டு பாத்துட்டு இரிக்கன்."

"ஒரு லொறிக்கு எத்தின நண்டு வாற எண்டு தெரியுமா உங்களுக்கு? ஆயிரம்! உங்கட பதினெட்டு வராட்டிக் கம்பனிய இழுத்துப் பூட்டுவாங்களா?"

அவன் அகப்பையை மற்றக் கைக்கு மாற்றினான்.

"எனக்கு என்ட பதினெட்டுத்தானே தெரியும்."

சின்னத்தங்கம் அக்கா குசினி வாசலிலிருந்து கேட்டார்: "அந்தப் பதினெட்டும் இப்ப எங்க மனே?"

"நாலு கறியில. மத்தது சாக்கில கிடக்கு."

"நண்டுக் கறி!" என்றாள் தக்ஷாயினி. "விடிஞ்சா பொழுதுபட்டா நண்டுட முகத்தப் பாக்கிறவளுக்கு நண்டுக் கறி! விசரன்!"

கைப்பையால் அவன் தோளில் ஒன்று போட்டாள். இன்னொன்று போடக் கை ஓங்கி, அப்படியே அந்தத் தோளில் நெற்றியை வைத்து அழுதாள். நிலுக்ஷி விழித்துக்கொண்டாள். பகலில், ஒரே இடத்தில், இரண்டு பேர். அவளுக்கு அது விளங்கவில்லை. கொஞ்ச நேரம் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஒரு கையை அவனிடம் நீட்டினாள், மற்றக் கையால் தாயின் காதைப் பிடித்துக்கொண்டாள்.

ஹமீட் சேர் தேநீரைக் கீழே வைத்துவிட்டு என் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார். பிறகு அவர்களைப் பார்த்தார். படிவத்தின்படி அந்த நேரம் ஒருத்தி எதிர்க்கரையில் நண்டு அடுக்கிக்கொண்டிருந்தாள், ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

"இண்டைக்கு நடந்தத நான் காணல்ல," என்றார்.

6

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். முடியவில்லை.

சொல்லாமல் போனதற்காக நிஸ்தார் அவளுக்குத் தண்டனை கொடுத்தார்: மூன்று மாதத்துக்குப் புதன்கிழமைகளில் அரை நாள் வேலைதான். பன்னிரண்டரைக்கு வெளியே போய்விட வேண்டும். அதற்குரிய சம்பளமும் இல்லை. தக்ஷாயினி தலையைக் குனிந்தபடி சரி என்றாளாம். நிமிர்ந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று குனிந்தாளாம்.

அடுத்த புதன்கிழமை ஒரு மணிப் பாதையில் அவள் வந்தாள். எங்கள் யன்னலைக் கடந்து வீட்டுப் பக்கம் போனாள். பிள்ளையை எடுக்க ஐந்து மணிக்குத்தான் வந்தாள். தனியாக வரவில்லை. அவனும் அன்று அருகிலேயே வலை வைப்பதாகப் பிந்திப் போனான், இருவருமாக வந்தார்கள்.

அதற்கு அடுத்த புதன்கிழமையும் அப்படித்தான்.

"என்ன செய்யிறீங்க அக்கா, வீட்ட போய்?" என்று மறுநாள் அவள் தனியாக வந்தபோது கேட்டுவிட்டு, கேட்டிருக்கக்கூடாது என்று நாக்கைக் கடித்தேன்.

அவள் கோபிக்கவில்லை. "சோறு திங்கிறம் ரீச்சர். சுடச்சுட. அவர் ஒரு கோப்பை, நான் ஒரு கோப்பை. மறுகா அவர் படுப்பார், நான் பக்கத்தில இரிந்து உடுப்பு மடிப்பன். சில நேரம் கதைப்பம். சில நேரம் ஒண்டும் இல்ல." பிள்ளையின் பையை வாங்கிக்கொண்டாள். "போன கிழமைதான் பாத்தன், அவர்ட காதோரம் நரைச்சிரிக்கி. எப்ப நரைச்ச எண்டு தெரியா."

இது ஹமீட் சேரின் காதுக்கும் போயிற்று. படுவான்கரையில் ஒரு பாதையில் வந்திறங்குகிறவர்களை எல்லோரும் பார்க்கிறார்கள். போன கிழமை வந்தார். தேநீர் வேண்டாம் என்றார்.

"பாருங்க ரீச்சர். தாய் வீட்டில, தகப்பன் வீட்டில, புள்ள இஞ்ச. ரெண்டு பேரும் வேலையில இரிக்கிற நேரத்துக்குத்தான் இந்த இடம். இல்லையெண்டா இடத்தத் திருப்பிக் குடுக்கணும். சட்டம் நான் எழுதினதில்ல."

"புதன்கிழமை மட்டும்தானே சேர். நாலு மணித்தியாலம்."

"வெளிய பட்டியல்ல பதினொரு புள்ளைகள் நிக்குதுகள். முதல் பேரு எனக்குப் பாடம். அந்தத் தாய் வயல் வட்டையில களை புடுங்குறா. புள்ள வரம்பில, குடைக்குக் கீழ. நான் கண்ணால பாத்தன். அந்தப் புள்ளைக்கு நான் என்ன சொல்ற?"

பதில் சின்னத்தங்கம் அக்காவிடமிருந்து வந்தது. தாயின் மனத்தைச் சந்தேகித்த அதே சின்னத்தங்கம் அக்கா.

"சேர், ராவு வேலைக்காரன்ட நித்திரை வேலையெண்டு நீங்கதானே எழுதச் சொன்ன. அப்ப புருசன் பெண்சாதி ஒண்டா இரிந்து சோறு திங்கிறதும் வேலைதான். அதச் செய்யாம எத்தின குடும்பம் ஒடைஞ்சு கிடக்கு."

ஹமீட் சேருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "ரீச்சர், ஏழாம் கூட்டை நீங்க நிரப்புங்க. நீங்க எழுதுறதுக்குக் கீழ நான் கையெழுத்து வைப்பன். என்ன எழுதினாலும்." வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு சொன்னார்: "ஆனா எழுதினது உண்மையா இரிக்கணும்."

நேற்று மாலை தக்ஷாயினி கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ரீச்சர், புதன்கிழமைய மட்டும் எழுதாம விடுங்களன்" என்றாள். கெஞ்சவில்லை. பாதையில் இருக்கை பிடித்து வைக்கச் சொல்வதுபோல் சொன்னாள். ஆனால் கேற்றுக் கம்பியை விடாமல் பிடித்திருந்தாள்.

7

முடிவுகள். இவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: உண்மையை எழுதுகிறேன். தாய் −4. நிலுக்ஷியின் இடம் போகிறது. குடையின் கீழ் இருந்த பிள்ளை எங்கள் பாயில் தூங்குகிறது. அந்தத் தாய் நிமிர்ந்து களை பிடுங்குகிறாள். இது நல்ல முடிவு. அதை மறுக்க என்னால் முடியாது. துறையில் மறுபடியும் பத்து நிமிடம், பத்து நிமிடம். மணிக்கட்டிலிருந்து கணுக்காலுக்கு ஒரு பச்சைத் துணி.

இரண்டாவது: பொய்யை எழுதுகிறேன். மாற்றம் இல்லை. ஹமீட் சேர் கையெழுத்து வைக்கிறார். அவர் என்னை நம்பி வைத்தார் என்பது எனக்குத் தெரியும், பொய் என்பது அவருக்குத் தெரியும். இருவரும் இனித் தேநீர் குடிக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டோம். வரம்பில் குடை.

மூன்றாவது: அரசாங்கம் இன்னொரு நிலையம் திறக்கிறது. பதினொரு பிள்ளைகளுக்கும் இடம். [இது கதையல்ல, விண்ணப்பம். ஆனாலும் வெட்ட மனமில்லை.]

நாலாவது: சின்னத்தங்கம் அக்கா சொன்னதை அப்படியே கூட்டுக்குள் எழுதுகிறேன். கூடு சிறியது. என் எழுத்து பெரியது. எழுதிப் பார்த்தேன், "சுடச்சுட" என்பதோடு இடம் முடிந்துவிட்டது.

ஐந்தாவதில் என் அம்மா வருகிறார். எனக்கு மூன்றரை வயது. ஊரில் ஒரு டேகெயார் இருக்கிறது. அம்மா விமானத்தில் ஏறவில்லை, பாதையில் ஏறுகிறார். ஒவ்வொரு நாளும் ஐந்தேகாலுக்குத் திரும்பி— [இங்கேயே விடுகிறேன். அந்த வாக்கியத்தை முடிக்க இருபது வருடமாக முயற்சிக்கிறேன்.]

8

இப்போது ஒரு மணி. பிள்ளைகள் தூங்குகிறார்கள். நாவலைத் திறக்கவில்லை, போனை மேசைமேல், சத்தத்தோடு வைத்திருக்கிறேன். யன்னலால் பாதை வருவது தெரிகிறது. தக்ஷாயினி முன்வரிசையில் நிற்கிறாள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு. கரை தட்டுவதற்குள் குதித்துவிடுவாள் போல. துறையில் உதயரூபன் இல்லை. அவன் வீட்டில் சோற்றுப்பானைக்கு முன்னால் இருப்பான். இந்தக் கிழமை மீன் கறி என்று நிலுக்ஷி காலையில் எங்களுக்குச் செய்தி சொன்னாள்.

அவள் யன்னலைக் கடக்கிறாள். என்னைப் பார்த்தாளா தெரியவில்லை. நான் கையை உயர்த்தினேன். வழியனுப்புவதற்கு அப்படித்தான் செய்வார்கள் என்று வாசித்திருக்கிறேன்.

படிவம் மேசைமேல் இருக்கிறது. நாளை காலை ஹமீட் சேர் வந்து கேட்பார். ஊரின் பெயரை நான் ஏன் வெட்டினேன் என்று இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும்: இந்தக் கூட்டைத் தேடி யாரும் இங்கே வந்துவிடக்கூடாது. உங்களுக்கு அந்தக் கணவனையும் தெரியும், மனைவியையும் தெரியும், வரம்பில் இருக்கும் பிள்ளையையும் தெரியும். எனக்குத் தெரிந்தவை எல்லாம் உங்களுக்கும் தெரியும். ஏழாம் கூட்டை உங்களிடம் தருகிறேன். நீங்கள் எழுதுவதை நான் நல்ல கையெழுத்தில் படியெடுத்துக் கொடுப்பேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். மற்ற நாட்களில் நிலுக்ஷி கேற்றடியில் ஒரு கையை உயர்த்திக்கொண்டு நிற்பாள், வருகிற ஆள் பிடிப்பதற்கு. புதன்கிழமைகளில் ஐந்து மணிக்கு அவளை யாரும் கூப்பிடத் தேவையில்லை. தானே போய் இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு நிற்கிறாள்.

அதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். ஐந்து மணிக்கு இன்னும் நாலு மணித்தியாலம் இருக்கிறது.